டீச்சர் காரில் மீன்பிடிக்கப் போனது

முப்பத்தொரு வருடமாகக் கார் பழுதுபார்க்கிறேன். என் கைக்கு வந்த கார்களில் நடுவழியில் நின்றுபோனவை உண்டு, புகைவிட்டு எரியப் பார்த்தவை உண்டு. குளத்துக்குள் இறங்கியது ஒன்றே ஒன்றுதான். இறக்கியவன் நான். கார் என்னுடையதுகூட இல்லை.

மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல மாட்டோம். வாடிக்கையாளர் காரை டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது, சொந்த வேலை ஏதாவது ஒன்றை அதோடு சேர்த்து முடித்துக்கொள்வோம். பிரேக் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் போய், பாசாரில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கி வந்தவனைத் தெரியும். கியர் பார்க்கப் போன காரில் குடும்பத்தோடு பெண் பார்க்கப் போனவனையும் தெரியும். நான் மீன்பிடிக்கப் போனேன்.

அது டீச்சரின் கார். பிரிக்பீல்ட்ஸில் என் பட்டறைக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பதினெட்டு வருடமாக அந்தப் பழைய வெள்ளைக் காரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. அந்த வாரம், தூரமாக ஓட்டினால் இன்ஜின் சூடேறுகிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தார். ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரை மாற்றினேன்.

சனிக்கிழமை அந்தக் கார் அவருக்கு அவசியம் வேண்டும். அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எண்பத்திரண்டு வயது. முன்பின் தெரியாதவன் காரில் ஏற மாட்டேன், நம் காரில் முன் சீட்டில் சாய்ந்துகொண்டுதான் வருவேன் என்று வார்டிலேயே அறிவித்துவிட்டாராம். டீச்சர் காலையிலேயே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்விட்டார். காரை நான் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

"மூணு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல தம்பி?" என்று கிளம்பும் முன் போனில் கேட்டார்.

"ரெண்டே முக்காலுக்கு வாசல்ல நிப்பேன் டீச்சர்" என்றேன்.

ஃபேன் மாற்றிய காரைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட்டவேண்டும். பிறகு ஏர்கானைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஓரிடத்தில் நிறுத்திவைத்து, ஃபேன் தானாக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு இன்னொரு அரை மணி நேரம். அந்த நேரத்தில் மெக்கானிக்குக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா நிற்கவேண்டும். சும்மா நிற்பதைப் பட்டறையில் நின்றால் என்ன, ரவாங்கில் நின்றால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தூண்டிலைப் பின் சீட்டுக்குக் கீழே நீளவாக்கில் கிடத்திக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்பினேன்.

ரவாங் பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குழிகள் நிறைய. மழைநீர் நிரம்பிக் குளமாகிவிட்டன. நாங்கள் லொம்போங் என்போம். அதில் பீக்காக் பாஸ் இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமாக, வாலில் மயில்தோகைக் கண்போல ஒரு வட்டத்தோடு இருக்கும் மீன். புழுவுக்கெல்லாம் நான் அலைவதில்லை. பொய்மீனை வீசி, தண்ணீருக்குள் துடிக்கத் துடிக்க இழுத்தால் அதற்குக் கோபம் வரும். வந்து அடிக்கும். அந்த ஒரு அடிக்காக மாதத்தில் இரண்டு மூன்று நாள் என் மனைவியிடம் நான் திட்டு வாங்குவதுண்டு.

குளத்தங்கரை வெள்ளை மணல். காய்ந்து கெட்டியாக இருந்தது. இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருட அனுபவம் பேசியது: தாங்கும். ஃபேன் சத்தம் காதில் விழவேண்டும் என்பதற்காகக் காரின் மூக்கைத் தண்ணீர்ப் பக்கமாக வைத்து, கரையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பத்தடி தள்ளி நின்று வீச ஆரம்பித்தேன்.

கடற்கரையில் ஈரமணலில் நின்று பாதத்தை ஆட்டிக்கொண்டே இருந்து பார்த்திருப்பீர்கள். மணல் இளகும், தண்ணீர் மேலே வரும், கால் உள்ளே போகும். டீச்சர் காரில் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் தேய்ந்திருந்தது. நின்ற இடத்தில் ஓடினால் கார் முழுக்க நடுங்கும். அடுத்த முறை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆக, ஒரு டன் எடையை ஈயமணல்மேல் வைத்து, நடுங்கும் இன்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டு, ஃபேன் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். ஃபேன் இரண்டுமுறை அருமையாக ஓடி நின்றது.

மூன்றாவது முறை அது ஓடத் தொடங்கியபோது மீன் அடித்தது. கழி வளைந்தது. பெரிய மீன். நூல் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அப்போது பின்னால் ஏதோ சப்புக்கொட்டுவது போன்ற சத்தம். திரும்பிப் பார்த்தேன். காரின் பின்பக்கம் உயர்ந்திருந்தது. முன் டயர்கள் பாதி மணலுக்குள் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கு இன்னொரு கை அளவு இறங்கியது.

இதை எழுதாமல் விடலாம். ஆனால் எழுத உட்கார்ந்தாயிற்று. நான் உடனே தூண்டிலைப் போடவில்லை. ஒரு பத்து வினாடி, மீனையும் பார்த்தேன், காரையும் பார்த்தேன். பத்து வினாடி என்பது நானாகக் குறைத்துச் சொல்வது. மீன் மேலே வந்து ஒருமுறை துள்ளி, தலையை உதறி, பொய்மீனைத் துப்பிவிட்டுப் போனது. அதன்பிறகுதான் ஓடினேன்.

ஓடிப்போய் என்ன செய்தேன்? நேற்று லைசன்ஸ் எடுத்தவன் செய்வதைச் செய்தேன். ஏறி, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ரிவர்ஸ் போட்டு, எண்ணெய்ப் பெடலை அழுத்தினேன். முன் சக்கரத்தில் இழுக்கும் கார் அது. அழுத்த அழுத்தத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு, இளகிய மணலோடு குளத்தை நோக்கி வழுக்கியது. நான் கால் எடுத்தபோது முன்பம்பரில் குளத்துத் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது.

கரைக்கு ஓரமாக ஆழம் குறைவாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். அது குழி. விளிம்பிலிருந்து ஒரு அடி வைத்தால் நேராக மூன்று ஆள் ஆழம்.

ஹேண்ட்பிரேக்கை மறுபடி போட்டு இன்ஜினை அணைத்தேன். தண்ணீர் எந்த வரிசையில் ஒரு காரைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவனாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். முதலில் கார்ப்பெட். அப்புறம் சீட்டுக்கடியில் போகும் ஒயர்கள். அப்புறம் இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. அது நனைந்தால் இன்று கார் ஓடாது. டீச்சரின் அம்மாவுக்கு முன் சீட்டு கிடையாது. முழங்கால் அளவு சேற்றுக் குழம்பில் நின்று போனட்டைத் திறந்து, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சேற்றுக் கையிலிருந்து ஸ்பேனர் இரண்டுமுறை வழுக்கி விழுந்தது.

குளத்தின் அந்தப் பக்கம் ஒரு சீன அங்கிள் மோட்டார்சைக்கிளை நிறுத்தி மீன்பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவையும் அவர் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மெதுவாக வந்தார். இந்த மண் கஞ்சி, இங்கே ஆடுகூட நிற்காது என்று மலாயில் சொன்னார். பின்னால் வீடு கட்டும் இடத்தில் ஒரு பேக்கோ இருக்கிறது, கூட்டிவரட்டுமா என்று கேட்டார். மண் அள்ளும் அந்த இயந்திரத்தைத்தான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைச்சேறு அவர் கையில் ஒட்டியது. அதைத் தன் காற்சட்டையில் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் காரின் பின்பம்பர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். என் எடை பின்னால் இருந்தால் மூக்கு இறங்காது என்று ஒரு கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கார் ஏப்பம் விடுவதுபோல ஒரு சத்தத்தோடு விரற்கடை அளவு இறங்கியது. அப்போது போன் அடித்தது. டீச்சர்.

"டாக்டர் சீக்கிரமே கையெழுத்துப் போட்டுட்டாரு தம்பி. எங்க இருக்கீங்க?"

"செலாயாங் ஜாம் டீச்சர்."

"சனிக்கிழமையிலயா?"

"பாசார் லா டீச்சர். லோரியெல்லாம் குறுக்க நிக்குது."

"சரி, பாத்து வாங்க. அம்மா அப்பவே சேலை மாத்திக்கிட்டு கட்டில் ஓரத்துல ஒக்காந்துருக்கு. வலிக்குது, ஆனா படுக்க மாட்டேங்குது. காரு வந்துருச்சா, காரு வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

போனை வைத்தபோது கார் இன்னொரு ஏப்பம் விட்டது.

பேக்கோ வந்தபோது பன்னிரண்டு மணி. ஓட்டிவந்தவர் ரவாங்கைச் சேர்ந்த தமிழர், என் வயதுதான் இருக்கும். இயந்திரத்தைக் கெட்டியான இடத்தில் நிறுத்திவிட்டு, இறங்காமல் மேலிருந்தே பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"மீன் பிடிக்க வந்தீங்களா, காரு கழுவ வந்தீங்களாண்ணே? யாரு காரு?"

"என்னுதுதான்."

முன்கண்ணாடியில் பள்ளிக்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "ஓ, சிக்குவா நீங்க?" என்றார். சிக்கு என்றால் மலாயில் வாத்தியார். நான் தலையாட்டினேன். அதோடு நான் வாத்தியாராகிவிட்டேன். வாத்தியார் கையில் எதற்கு இவ்வளவு கிரீஸ் என்று அவர் கேட்கவில்லை. சேற்றில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது.

சங்கிலியை நானே மாட்டவேண்டியிருந்தது. குழம்பில் மல்லாக்கப் படுத்து, பின்பக்கம் காருக்கு அடியில் கைவிட்டு, கொக்கியைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். முகத்துக்கு நேர்மேலே கார். வாழ்நாள் முழுக்கக் காருக்கடியில் படுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் கீழே சிமெண்டுத் தரை இருந்தது. அடுத்தது அதைவிட மோசம். ஹேண்ட்பிரேக்கை எடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். சீன அங்கிள் வானத்தைப் பார்த்தார்.

ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் கணுக்காலுக்குமேல் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இருந்தால் அதிகம்.

"கதவத் தொறந்தே வைங்க சிக்கு" என்று கத்தினார் பேக்கோக்காரர். "சங்கிலி அறுந்துச்சுன்னா யோசிக்காம குதிச்சுருங்க. எனக்கு நீச்ச தெரியாது."

ஹேண்ட்பிரேக்கை இறக்கிய கணத்தில் கார் முன்னால் வழுக்கியது. முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. போனட்டின் நுனி அதற்குள் போனது. நான் குதிக்கவில்லை. வீரமில்லை, கால் மரத்துப்போயிருந்தது. அப்புறம் சங்கிலி விறைத்தது. கார் முனகியது. ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஏதோ பெரிய பல்லைப் பிடுங்குவதுபோல, சத்தத்தோடு பின்னால் வந்தது.

பேக்கோக்காரர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிக்குன்னா புத்தி இருக்கும்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருடமாகப் பாடம் நடத்தும் பெண்மணிக்குச் சேரவேண்டிய மரியாதையை அரைமணி நேரத்தில் கெடுத்துவிட்டு நின்றேன்.

கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் இருக்கும் ரப்பர் அடைப்புகளைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றினேன். பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். ஓடியது. அழுகை வந்தது. தூண்டிலை எடுத்து இருந்த இடத்தில் போட்டுக்கொண்டு செலாயாங்கை நோக்கி விரட்டினேன்.

செலாயாங்கில் கார் கழுவும் இடத்தில் நிறுத்தியபோது ஒன்றரை. காரின் வெளிப்புறம் வெளுத்துவிட்டது, என்மேல் இருந்த சேறும் அதே குழாயில் போய்விட்டது. கவலை பின்சக்கரத்து பிரேக் டிரம்கள். ஈயமணல் உள்ளே போயிருந்தால் அரைத்துக்கொண்டே இருக்கும். ஜேக்கி வைத்து இடதுபக்கத்தைக் கழற்றி நன்றாகக் கழுவினேன். மணி இரண்டேகால். வலதுபக்கத்தைக் கழற்றினால் மூன்று மணிக்குக் கிள்ளான் போய்ச் சேர முடியாது. ஓட்டிப் பார்த்தேன். பிடித்தது. நான்குமுறை அழுத்தினேன், நான்குமுறையும் பிடித்தது. அப்படியே கிளம்பிவிட்டேன். குளத்தில் செய்தது முட்டாள்தனம். இதற்கு என்ன பெயர் வைப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனை வாசலில் அந்த அம்மா சக்கர நாற்காலியில், மடியில் பையோடு காத்திருந்தார். மூன்று ஐந்து. டீச்சர் சாவிக்காகக் கையை நீட்டினார். வலதுபக்கம் கழுவாத பிரேக்கோடு அவர் ஓட்ட, பக்கத்தில் புதிதாக ஒட்டவைத்த இடுப்பெலும்போடு அந்த அம்மா. சாவியைக் கொடுக்க முடியவில்லை. நானே ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தாதி ஒருவர் உதவ, அந்த அம்மாவை அங்குலம் அங்குலமாக முன் சீட்டில் இறக்கினோம்.

"கீழ ஈரமா இருக்கே தம்பி?" என்றார் டீச்சர்.

"ஏர்கான் தண்ணி டீச்சர். குழாய் அடைச்சுருக்கு. நாளைக்குப் பாத்துத் தரேன்."

ஃபெடரல் ஹைவேயில் இடது ஓரமாக, எழுபதுக்குமேல் போகாமல் ஓட்டினேன். முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு பஸ் நுழையும் அளவு இடம் விட்டேன். அந்த இடத்தில் யார் யாரோ நுழைந்தார்கள். ஒவ்வொருவர் நுழையும்போதும் பிரேக்கைப் பூப்போல அழுத்தினேன். வலது பின்சக்கரத்திலிருந்து அம்மியில் மணல் அரைப்பதுபோல ஒரு சத்தம். அந்தப் பிரேக் எவ்வளவு நேரம் பிடிக்கும், எப்போது விடும் என்று எனக்கும் தெரியாது. அந்த அம்மா ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பே போடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நிறுத்தினார்.

"என்ன தம்பி சத்தம்?"

"பின்னாடி லோரிம்மா."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். லோரி எதுவும் இல்லை. டீச்சர் இருந்தார். அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தூண்டில். பின் சீட்டுக்குக் கீழே, நீளவாக்கில், சேறு காய்ந்து வெள்ளையாக, நுனியில் பொய்மீன் தொங்க.

டீச்சர் நிமிர்ந்தார். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார். சுபாங் தாண்டியது, பெட்டாலிங் ஜெயா தாண்டியது. அவர் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அந்த அம்மா மட்டும் கஞ்சியை விட்டுப் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டைக்கு வந்திருந்தார். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஏர்கான் நன்றாகத்தான் வேலை செய்தது.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் அடுக்குமாடி வாசலில் நிறுத்தினேன். கார் நின்றது. அந்த அம்மாவை மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். எனக்கு ஒரு கோப்பை மைலோ கொடுக்கச் சொல்லி அந்த அம்மா இரண்டுமுறை சொன்னார். நான் வேண்டாமென்று கீழே வந்து, அங்கேயே ஜேக்கி வைத்து வலது பின்சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்முக்குள்ளிருந்து ஒரு பிடி மணல் கொட்டியது.

நிமிர்ந்தால் டீச்சர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. எந்தக் குளம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், மணல், பேக்கோ, நான் சிக்கு ஆனது, பத்து வினாடி மீன் உட்பட. நடுவில் ஒரு இடத்திலாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிக்கு கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள். அவர் தரையில் கொட்டிக்கிடந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ரெண்டு பொய், எங்கம்மாகிட்ட ஒண்ணு" என்றார். "ஒண்ணுக்குக்கூட ஒங்களுக்கு நாக்குத் தடுமாறல தம்பி. இனிமே பிரேக்கு நல்லாருக்குன்னு நீங்க சொன்னா, அது பொய்யா நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"